மூட்டுவலி குறையும்போது சர்க்கரை ஏறுவது ஏன்?

மூட்டுவலிக்கு உடனே கேட்கும் என்று சொல்லிக் கைமாறும் ஜாமு என்ற மூலிகை மருந்துப் பொட்டலங்கள் பினாங்குக்குப் புதியவை அல்ல. இத்தகைய பொருள்கள் சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்து எச்சரித்திருக்கிறது. அதைச் சாப்பிடுபவருக்கு வலியும் வீக்கமும் வேகமாகத் தணியும். கூடவே இரத்தச் சர்க்கரை ஏறும், கிருமிகளை எதிர்க்கும் வலுவும் குறையும். பின்னிரண்டையும் பக்கவிளைவு என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். உயிரணுவுக்குள் நடப்பதைப் பார்த்தால் அந்தப் பெயர் பொருந்தவில்லை. வலி தணிவதும் சர்க்கரை ஏறுவதும் ஒரே புரதத்தின் வேலை. உணவைக் கையாள்வதையும் நோயை எதிர்ப்பதையும் உடல் தனித்தனித் துறைகளாக நடத்துவதில்லை.

இதைத் தெளிவாக்கியது உட்கரு ஏற்பிகளைப் பற்றிய ஆய்வு. ஹார்மோன், வைட்டமின், கொழுப்பு அமிலம் போன்ற சிறு மூலக்கூறுகள் வந்து ஒட்டியதும் மரபணுக்களை முடுக்கும் அல்லது அடக்கும் புரதங்கள் இவை. மனிதருக்கு 48 உண்டு. கலிபோர்னியாவின் சால்க் ஆய்வுக்கழகத்தில் ரொனால்ட் எவன்ஸ் குழுவினர் 1985இல் குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியின் மரபணு வரிசையைக் கண்டறிந்தனர். டெக்ஸாமெத்தசோன் போய் ஒட்டுவது இந்த ஏற்பியில்தான். கல்லீரலில் அது சர்க்கரை தயாரிக்கும் மரபணுக்களை முடுக்குகிறது. எதிர்ப்பு உயிரணுக்களில் அழற்சியை மூட்டும் மரபணுக்களை அடக்குகிறது.

இது ஒரே ஏற்பியின் விசித்திரம் என்று ஒதுக்கவும் முடியாது. பிபார்-காமா என்ற ஏற்பி கொழுப்பு உயிரணுக்களை உருவாக்குவது. பியோகிளிட்டசோன் வகை நீரிழிவு மாத்திரைகள் இதன்வழியே இயங்குகின்றன என்பது 1995இல் தெரிந்தது. கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் உயிரணுக்களில் அதே ஏற்பி அழற்சியைத் தணிப்பது 1998இல் தெரியவந்தது. எலும்புக்குச் சுண்ணாம்புச்சத்து சேர்க்கும் வைட்டமின் டி ஏற்பியோ, காசநோய்க் கிருமியைத் தாக்கும் புரதமொன்றை மேக்ரோபேஜ்களில் சுரக்கவைப்பதை 2006இல் காட்டினார்கள்.

மருத்துவமனைகளில் இந்த இரட்டை வேலை கோவிட் காலத்தில் வெளிப்படையாகத் தெரிந்தது. 2020இல் பிரிட்டனில் நடந்த ரிகவரி ஆய்வில், செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணத்தை டெக்ஸாமெத்தசோன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. மறு ஆண்டு இந்தியாவில் கருப்புப் பூஞ்சை பல்லாயிரம் பேரைத் தாக்கியபோது, பெரும்பாலோரிடம் கட்டுப்படாத நீரிழிவும் ஸ்டீராய்டு சிகிச்சையும் சேர்ந்திருந்தன. காப்பாற்றியதும் ஆபத்தைக் கூட்டியதும் ஒரே வகை மருந்துதான். அளவும், காலமும், நோயாளியின் சர்க்கரை நிலையும்தான் வேறுபட்டன.

ஏற்பியே சாவி என்றால் ஏற்ற மாத்திரையைக் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். மங்கோலியாவில் 8,851 பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு நடந்த ஆய்வு இதற்குப் பதில் சொன்னது: வைட்டமின் டி கொடுத்தும் காசநோய்த் தொற்று குறையவில்லை என 2020இல் அறிவித்தனர். ஆய்வுக்கூடத்தில் ஓர் உயிரணு செய்வதை முழு உடலும் அப்படியே செய்துவிடாது. காசநோய் நெருக்கடியான குடியிருப்பின் நோய், வறுமையின் நோய் என்ற மறுப்பும் உண்டு. அது சரியே. ஆனால், கிருமி நம்மிடம் வருவதைச் சூழல் தீர்மானித்தாலும், வந்த கிருமி அடங்கிக் கிடக்குமா நோயாக வெடிக்குமா என்பதில் உடலுக்குள் இருக்கும் சர்க்கரைக்கும் பங்குண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2008ஆம் ஆண்டுக் கட்டுரை, நீரிழிவு காசநோய் அபாயத்தை ஏறக்குறைய மூன்று மடங்காக்குகிறது என்றது.

பினாங்குக்கு இது வெறும் ஆய்வுக்கூடச் செய்தி அல்ல. 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு அது தெரிந்திருக்கவில்லை. இந்தியர்களிடையே விகிதம் இன்னும் கூடுதலாக இருந்தது. ஆகவே, வாரக்கணக்கில் இருமலுடன் வரும் நீரிழிவு நோயாளிக்குச் சளிப் பரிசோதனையும், காசநோயாளிக்குச் சர்க்கரைப் பரிசோதனையும் வழக்கமாக வேண்டும். மூட்டுவலிக்காரரிடம் என்ன ஜாமு சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும் நோயாளி சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு கலந்த பொருளை நெடுநாள் சாப்பிட்டவர் தாமாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. அதற்குள் உடல் தன் சொந்த ஸ்டீராய்டுச் சுரப்பைக் குறைத்திருக்கும் என்பதால், மருத்துவரின் கண்காணிப்பில் படிப்படியாகவே விட வேண்டும்.