ஈளை நோயும் பள்ளிச் சிறுவர்களும்

தேன்கனிக்கோட்டைப் பகுதியில் மார்கழிப் பனி இறங்கியதும் சில குழந்தைகளுக்கு இழுப்பு தொடங்கிவிடுகிறது. விறகுப் புகையும் கேழ்வரகுக் களத்துத் தூசியும் அதனை மிகுவிக்கின்றன. இழுப்பு முற்றுமுன் குழந்தையே அறிந்துகொள்ள வழியுண்டா?

உண்டு. 1959-இல் பிரிட்டனில் ரைட், மெக்கெரோ ஆகியோர் வெளிப்படுத்திய பீக் ஃப்ளோ மீட்டர் எனும் மூச்சுவேக மானி இன்று கையடக்கக் குழலாகக் கிடைக்கிறது. ஐந்து வயது கடந்த குழந்தை நின்றவாறு மூன்று முறை விசையாக ஊதி, மிகுந்த அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். நோயற்ற நாளில் பெற்ற உச்ச அளவில் நூற்றுக்கு 80-க்கு மேல் பச்சை. 50 முதல் 80 வரை மஞ்சள். அதற்கும் கீழே சிவப்பு. சிவப்பாயின் மருத்துவர் குறித்த மருந்தை உடனே கொடுத்து மருத்துவமனைக்கு விரைய வேண்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் வழங்கும் நம் பகுதிக்கு எழுத்தினும் வண்ணமே ஏற்றது என்பது எமது கருத்து.

இன்ஹேலரை அழுத்துவதும் மூச்சை இழுப்பதும் ஒருங்கே செய்தல் சிறுவர்க்கு அரிது. அதற்கென இடையில் பொருத்தும் ஸ்பேசர் வாங்க இயலாதோர்க்கு 500 மில்லி பிளாஸ்டிக் புட்டியே உதவும். அடியில் இன்ஹேலர் வாயளவு துளையிட்டு, காற்றுக் கசியாமல் அடைத்தல் வேண்டும். இவ்வாறு அடைக்கப்பட்ட புட்டி விலைக்கருவிக்கு இணையே எனக் கேப் டவுன் மருத்துவர் ஹெதர் சார் குழுவினரின் 1999-ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று.

இன்ஹேலர் பழக்கமாகிவிடும் எனப் பெற்றோர் சிலர் அஞ்சுவது வீண். ஆசிரியர்களும் அதனைப் பூட்டி வைத்தலாகாது; சாவி தேடும் அவகாசம் குழந்தைக்கு இராது. புட்டியைச் சோப்பு நீரில் அலசித் துடைக்காமல் உலர்த்துக. துடைத்தால் எழும் மின்னூட்டம் மருந்தைச் சுவரிலேயே ஒட்டவைத்துவிடும்.