காலியான காலரிகள்

கோயில் உற்சவத்திற்கு ஜனங்கள் திரண்டு வந்தால், ஏன் வந்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை. கூட்டம் குறைந்துவிட்டாலோ ஆளுக்கொரு காரணம் சொல்ல முன்வருவார்கள். இங்கிலாந்தின் கால்பந்து லீக் விஷயத்திலும் இப்படியே நேர்ந்தது.

சம்பளம் பெற்று ஆடுகிறவர்களைக் கொண்ட அந்த லீக், 1888-ம் வருஷம் 12 சங்கங்களுடன் ஆரம்பமாயிற்று. அதை வளர்த்தவர்கள் தொழிலாளிகள். நெசவாலைகளில் பெண்களுக்கும் சிறுவயதினருக்கும் சனிக்கிழமை வேலை பகல் 2 மணியோடு முடிய வேண்டுமென்று 1850-ல் சட்டம் பிறந்தது. அந்த அரைநாள் விடுமுறை நாளடைவில் மற்றத் தொழில்களுக்கும் பரவிற்று. 2 மணிக்கு ஆலையை விட்டவன் 3 மணிக்குப் பந்தய மைதானத்தில் நின்றான். ஆம், நின்றான், பெரும்பாலோருக்கு உட்கார இடம் கிடையாது.

இரண்டாவது மகாயுத்தம் முடிந்ததும் இந்த மோகம் உச்சத்தை எட்டியது. 1948 ஜனவரி 17-ந் தேதி மாஞ்செஸ்டரில் நடந்த ஒரு லீக் பந்தயத்தை 83,260 பேர் கண்டுகளித்தனர். 1948-49-ம் பருவத்தில் எல்லாப் பந்தயங்களுக்கும் வந்தவர்களின் தொகை 4 கோடியே 12 லட்சத்துக்கும் மேல். பிறகு இறக்கம் தொடங்கிற்று. 1961-62-ல் அத்தொகை சுமார் 2 கோடியே 80 லட்சம். 1985-86-ல் சுமார் 1 கோடியே 65 லட்சம். ஐந்தில் மூன்று பங்கு மறைந்தே போயிற்று!

காரணம் யாது? டெலிவிஷன் மீது பழி போடுவது எளிது. ஆனால் கணக்கு அதற்கு முற்றிலும் இடங்கொடுக்கவில்லை. பந்தயக் காட்சிகளை வாரந்தோறும் காட்டும் பி.பி.ஸி. நிகழ்ச்சி ஆரம்பமானது 1964 ஆகஸ்டில். அதற்குள் கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிட்டது. இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. கட்டணத் தகராறினால் 1985 ஆகஸ்டு முதல் டிஸம்பர் வரையில் லீக் பந்தயங்கள் டெலிவிஷனில் காட்டப்படவேயில்லை. யுத்தத்திற்குப் பின் கூட்டம் மிகக் குறைந்திருந்ததும் அந்தப் பருவத்திலேதான்!

ஆட்டம் தரம் தாழ்ந்ததா என்றால், 1966-ல் உலகக் கோப்பையையே இங்கிலாந்து வென்றது. அந்த உற்சாகத்தில் 1967-68-ல் கூட்டம் 3 கோடியைத் தாண்டிற்று. ஆயினும் அது நிலைக்கவில்லை.

உண்மையில் மாறியது தொழிலாளியின் வாழ்க்கை. சனிக்கிழமை முழுவதும் விடுமுறையாயிற்று. வீடு வசதிப்பட்டது, மோட்டார் கார் கைக்கெட்டியது, மனைவி மக்களுடன் வெளியே செல்லும் வழக்கம் வந்தது. முன்பு வேறு போக்கிடமின்றி வந்தவனுக்கு இப்பொழுது பல இடங்கள் இருந்தன. அவன் முன்னேறினான், மைதானம் முன்னேறவில்லை. மழையில் நனைந்து, நெரிசலில் நசுங்கி நிற்கும் அதே படிவரிசைகளையே சங்கங்கள் அவனுக்கு அளித்தன. வசூலான பணம் ஆட்டக்காரர்களின் கைக்கும் அதிகமாகப் போய்விடவில்லை. 1961 ஜனவரியில் உச்சவரம்பு நீக்கப்படும் வரையில் வாரச் சம்பளம் 20 பவுனுக்கு மேல் இல்லை. கூட்டம் எங்கே போய்விடப் போகிறது என்ற அலட்சியந்தான் நிர்வாகிகளிடம் இருந்தது.

அலட்சியத்தின் விலை பணம் மாத்திரமன்று. 1946-ல் போல்டன் நகரில் நெரிசலில் 33 பேர் மாண்டனர். மைதானங்களின் பாதுகாப்புக்கென்று ஒரு சட்டம் வருவதற்கோ 1975 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இதற்கிடையே வாலிபர் கும்பல்களின் அடிதடி வளர்ந்தது. குழந்தைகளை அழைத்து வரத் தகப்பன்மார் அஞ்சினர். பரிகாரமாக எழுந்தது இரும்பு வேலி. குழப்பம் செய்தவன், செய்யாதவன் என்ற பேதமின்றி எல்லோரும் கூண்டில் அடைபட்டார்கள்.

1985 மே 11-ந் தேதி பிராட்போர்டு மைதானத்தின் பழைய மரக் கொட்டகை தீப்பற்றி 56 உயிர்கள் பலியாயின. கொட்டகைக்கடியில் குவிந்திருந்த குப்பையைப் பற்றி முன்னரே எச்சரிக்கை வந்திருந்தது. அதே மாதம் 29-ந் தேதி பெல்ஜிய நாட்டு ஹெய்ஸல் மைதானத்தில் ஆங்கில ரஸிகர்கள் எதிர்க்கட்சியாரைத் துரத்தியபோது 39 பேர் இறந்தனர். அடுத்த பருவத்தில் காலரிகள் காலியாகக் கிடந்ததில் என்ன ஆச்சரியம்?

அதன் பின் கூட்டம் மெல்ல ஏறத் தொடங்கிற்று. வேலிகள் மட்டும் அகலவில்லை. 1989 ஏப்ரல் 15-ந் தேதி ஷெபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், ஏற்கெனவே நிரம்பியிருந்த வேலியடைப்புகளுக்குள் மேலும் ஜனங்கள் விடப்பட்டனர். அன்றைய நெரிசலால் இறந்தவர்கள் மொத்தம் 97 பேர். அவர்களில் கடைசியானவர் உயிர் நீத்தது 2021-ல். பழி முதலில் ரஸிகர்கள் மீதே சுமத்தப்பட்டது. அவர்கள் குற்றமற்றவர்கள் என்று ஜூரிகள் தீர்ப்பளிக்க 2016 வரை, 27 வருஷங்கள் சென்றன.

நீதிபதி டெய்லர் 1990-ல் வெளியிட்ட அறிக்கைக்குப் பின் வேலிகள் அகன்றன. பெரிய மைதானங்களில் ஒவ்வொருவருக்கும் ஆசனம் ஏற்பட்டது. 1992-ல் பிரீமியர் லீக் பிறந்தது. டெலிவிஷன் முன்னெப்போதையும்விட அதிகமாகப் பந்தயங்களைக் காட்டியும் கூட்டம் பெருகிற்று. இன்று பிரீமியர் லீக் பந்தயமொன்றுக்கு வருவோர் சராசரியாக 40,000 பேர். வீட்டிலுள்ள டெலிவிஷன் பெட்டியைக் கண்டு மைதானம் அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ?

ஆனால் திரும்பி வந்தவர்கள் எல்லோரும் பழைய மனிதர்கள்தானா? ஏழைகளுக்கு எட்டாதபடி கட்டணத்தை உயர்த்த வேண்டியதில்லை என்று டெய்லர் கருதியிருந்தார். நடந்தது வேறு. 77 பவுன் டிக்கெட் வரப்போகிறதென்று கேள்வியுற்ற லிவர்பூல் ரஸிகர்கள், 2016 பிப்ரவரி 6-ந் தேதி, ஆட்டத்தின் 77-வது நிமிஷத்தில் சுமார் 10,000 பேர் எழுந்து வெளியேறினார்கள். சில நாட்களில் சங்கத்தின் சொந்தக்காரர்கள் அந்தத் திட்டத்தைக் கைவிட்டனர்.

40 வருஷ காலம் ஒவ்வொருவராய் ஓசையின்றி விலகியவர்கள் சொன்னதும் இதைத்தான். அப்பொழுது நிர்வாகிகள் காலி இடங்களை எண்ணினார்கள். அங்கே நின்றிருந்தவன் ஏன் போனான் என்று அவனிடம் கேட்கவில்லை. இப்பொழுது ஆசனங்கள் நிறைந்திருக்கின்றன. கேட்க வேண்டிய கேள்வி மாத்திரம் இன்னும் பாக்கியிருக்கிறது: சனிக்கிழமைக் கூலியுடன் நேரே மைதானத்துக்கு வந்தவனின் பேரனுக்கு அங்கே இடமுண்டா?