வேளாண் கண்காட்சியில் வணிகருக்கு என்ன வேலை?



"உழவர் போகிற கண்காட்சியில் மளிகைக் கடைக்காரருக்கு என்ன வேலை?" என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. நானும் கேட்டவன்தான். 2023 ஜூலை 27 முதல் 29 வரை திருச்சி கேர் பொறியியல் கல்லூரி வளாகத்தில் தமிழக அரசு நடத்திய 'வேளாண் சங்கமம்' கண்காட்சிக்குப் போய் வந்த பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். அங்கே கற்றதைக் கடையில் செய்து பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

முதலில் என் நஷ்டக் கணக்கு. எலவனாசூர்கோட்டையில் இருக்கும் எங்கள் மண்டிக்குக் கல்வராயன் மலைச் சாமை உமியோடு வரும். அதை அப்படியே வெளியூருக்கு அனுப்பிவிடுவோம். சிறுதானியத்துக்குக் கிராக்கி ஏறியதும், உரித்த சாமை அரிசியாகப் பத்து மூட்டை வெளியூரிலிருந்து வாங்கி அடுக்கினேன். இரண்டு மாதம் கழித்துச் சில்லறைக் கடைக்காரர்கள், "காறல் வாடை அடிக்கிறது, வண்டும் ஊர்கிறது" என்று திருப்பி அனுப்பினார்கள். மீதிச் சரக்கு கோழித் தீவனமாகப் போயிற்று. ஆலைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிட்டார் என்றே நினைத்திருந்தேன்.

உளுந்தூர்பேட்டையில் பஸ் ஏறி, பெரம்பலூர் வழியாகத் திருச்சி போய்ச் சேர்ந்தேன். டிராக்டர், களையெடுக்கும் கருவி, பாரம்பரிய நெல் ரகங்கள் என்று ஒவ்வொரு இடத்திலும் கூட்டம். நான் அதிக நேரம் நின்றது சிறுதானியக் கடை ஒன்றில். என் கதையைக் கேட்ட அந்த அம்மாள் சொன்னார்: "ஐயா, உமியோடு இருக்கிற வரைக்கும் சாமைக்கு வயசே ஆகாது. உரித்த நாளிலிருந்துதான் கணக்கு. இனிமேல் வாங்கும்போது விலைக்கு முன்னால் உரித்த தேதியைக் கேளுங்கள்."

காரணம் இதுதான். தவிட்டிலும் முளைப் பகுதியிலும் எண்ணெய்ச் சத்து இருக்கிறது. உமியை நீக்கியதும் அதில் காற்றுப் பட்டுக் காறல் தொடங்குகிறது. தீட்டாத அரிசியில் தவிடு அப்படியே இருப்பதால் உடம்புக்கு நல்லது. ஆனால் இருப்பு வைக்க உதவாது. கம்பு மாவு இன்னும் மோசம். அரைத்த சில நாட்களிலேயே கசக்கத் தொடங்கிவிடும். உமியோடு உலர்ந்த சாமையோ பல ஆண்டுகள் தாங்கும்.

இன்னொன்று கல். சாமையும் குறுமணலும் ஒரே பருமன் என்பதால் சல்லடைக்கு அகப்படாது. கல் நீக்கும் இயந்திரம் காற்றாலும் அதிர்வாலும் எடை பார்த்துப் பிரிக்கிறது. கனமான கல் ஒரு பக்கம், தானியம் மறு பக்கம்.

நான் இப்போது செய்வது: சாமையை உமியோடு இருப்பு வைக்கிறேன். பதினைந்து நாள் விற்பனைக்கு வேண்டியதை மட்டும் உரிக்கக் கொடுக்கிறேன். 100 கிலோவுக்குச் சுமார் 60 முதல் 70 கிலோ அரிசி கிடைக்கும். மூட்டையின் மேல் உரித்த தேதியை எழுதுகிறேன். அதன் பிறகு ஒரு மூட்டையும் திரும்பி வரவில்லை.

பொட்டலம் போடுவோர் ஒன்றை மறக்கக் கூடாது. 2022 ஜூலை 18 முதல், பெயர், விவரம் அச்சிட்டு முன்கூட்டியே கட்டிய 25 கிலோ வரையிலான தானியப் பொட்டலத்துக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. வந்தது. மூட்டையைப் பிரித்து எடை போட்டுக் கொடுப்பதற்கு அது இல்லை. உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு இருவருக்கும் வேண்டும்.

திருச்சியில் எனக்குக் கவலை தந்ததையும் சொல்ல வேண்டும். உழவர் குழுக்களே தானியத்தைச் சுத்தம் செய்து, பொட்டலம் கட்டி, நேரே வீட்டுக்காரர்களுக்கு விற்கிறார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. வாங்கி விற்பதோடு நின்றால் நமக்கு இடமில்லை. சரக்கின் வயதும் குணமும் தெரிந்து, தெருமுனையில் அரைக் கிலோவும் கொடுக்கிற கடைக்குத்தான் இடமுண்டு.

2025 ஜூனில் ஈரோடு மாவட்டம் விஜயமங்கலத்திலும் அரசு இத்தகைய கண்காட்சி நடத்தியது. அடுத்து நம் பக்கம் வரும்போது ஒரு நாள் கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டுப் போய் வாருங்கள். டிராக்டரை உழவர் பார்க்கட்டும். நாம் தானியத்தைப் பார்ப்போம்.