சீனி இல்லாத தயிர் எங்கே கிடைக்கும்?

தாய்மார்களே, உங்கள் வீட்டுக் குளிர்பெட்டியைத் திறந்து பாருங்கள். தயிர் என்று வாங்கி வைத்திருக்கும் டப்பாவைக் கையில் எடுங்கள். மூடியில் உள்ள படத்தைப் பார்க்க வேண்டாம். பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். அங்கே 'குலா' என்ற மலாய்ச் சொல் இருக்கிறதா? இருந்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்கியது தயிரை மட்டுமல்ல, சீனியையும் சேர்த்துத்தான்.

இதை எடுத்துச் சொல்லும் நானும் பல காலம் அந்த எழுத்தைப் படிக்காமல் இருந்தவள்தான்.

என் தாயார் பால்மரம் வெட்டி எங்களை வளர்த்தவர். இனிப்புநீர் கண்ட பிறகு காப்பியில் சீனியை நிறுத்தினார், பலகாரத்தையும் விட்டார். தயிர்ச் சோற்றை மட்டும் விடவில்லை. அதை விட வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. ஸ்கூடாய்க் கடைகளில் நான் வாங்கிவந்த டப்பாத் தயிரை இரண்டு வேளையும் பிசைந்து சாப்பிட்டார். "என்னம்மா தயிர் இது, பாயாசம் மாதிரி இருக்கு" என்று அவ்வப்போது சொல்வார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மருந்தகத்தில் இரத்தம் எடுக்கும் போதெல்லாம் கணக்கு ஏறியே இருந்தது. காலில் பட்ட ஒரு சிறு புண் ஆற மறுத்தது. ஒரு நாள் அங்கிருந்த மிஸி, "வீட்டில் சாப்பிடும் டப்பா, பாக்கெட் எல்லாவற்றையும் அடுத்த முறை எடுத்து வாருங்கள்" என்றார். தயிர் டப்பாவைத் திருப்பி, அந்த ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார். 'வாசித்துப் பொருள் உணருங்கள்' என்று வகுப்பில் நாள்தோறும் சொல்லும் நான், அன்று தலை குனிந்து நின்றேன்.

தயிர் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். சோற்றின் அளவும் அதிகம். மாத்திரை தவறிய நாள்களும் உண்டு. ஆனால், நல்லது என்று நம்பி நானே என் கையால் ஊட்டிய சீனி அது. அதை எப்படி மறப்பேன்?

இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2019ஆம் ஆண்டில் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், இந்நாட்டுப் பெரியவர்களில் 100க்கு 18.3 பேருக்கு இனிப்புநீர் இருப்பது தெரிந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையேதான் இது மிக அதிகம்.

அன்று மாடு, இன்று டப்பா

தோட்டத்தில் பிறந்த பலருக்கும் நினைவிருக்கும்: லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை, விடியற்காலையில் பால் கறக்கும் ஓசை, உறியில் தயிர்ச்சட்டி. தயிரைக் கடையில் தேட வேண்டிய அவசியமே இருந்ததில்லை. பிறகு தோட்டங்கள் கைமாறின. நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. ஸ்கூடாயில் ரினி தோட்டம் இருந்த இடம் இன்று முத்தியாரா ரினி. தாமான் வீட்டில் மாடு கட்ட இடம் ஏது? மாடு போனது, அதோடு உறைமோரும் போனது.

அதற்கு முன்பே டின் பால் நம் வீடுகளில் நுழைந்துவிட்டது. இனிப்புச் சேர்த்த டின் பாலில் ஏறக்குறைய பாதி சீனிதான். அதைக் கைக்குழந்தைக்கு உணவென்று விற்பது பெருங்கேடு என்று டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார் 1939ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் ஓர் உரை நிகழ்த்தினார். 'பாலும் கொலையும்' என்பது அதன் தலைப்பு. ஜோகூர் நீரிணைக்கு அந்தப் பக்கம் ஒலித்த குரல் அது. ஆனாலும் பால் என்றால் இனிக்க வேண்டும் என்ற நாக்குப் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை.

வாங்கும்போது கவனியுங்கள்

'அஸ்லி' என்றோ 'நேச்சுரல்' என்றோ டப்பாவில் போட்டிருந்தால் சீனி இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். பழச்சுவை சேர்க்கவில்லை என்பது மட்டும்கூட அதன் பொருளாக இருக்கலாம். 'டாடிஹ்' என்று கிண்ணத்தில் விற்பது பெரும்பாலும் இனிப்புப் பண்டம். சுமத்திராவின் மினாங்கபாவ் மக்கள் எருமைப் பாலை மூங்கில் குழாயில் ஊற்றிப் புளிக்க வைக்கும் 'டாடியா' வேறு. அது சீனி சேராத உண்மையான தயிர். நம் தயிர் என்ற சொல் மலாய் மொழியில் 'தைரு' ஆகியிருக்கிறது. கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். ஆனால் பொடி எழுத்தையும் படியுங்கள்.

ஒரு சிறு கணக்கு. பாலுக்கே உரிய சர்க்கரை 100 கிராமில் ஏறக்குறைய 5 கிராம் உண்டு. டப்பாவில் 100 கிராமுக்கு 14 கிராம் என்று எழுதியிருந்தால், மீதி 9 கிராம் மேலே கொட்டியது. அதாவது ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டிச் சீனி!

வீட்டிலேயே உறை ஊற்றுங்கள்

மாடு இல்லாவிட்டால் என்ன? கடையில் விற்கும் பெட்டிப் பால் போதும். சீனியோ சுவையோ சேர்க்காத முழுக் கொழுப்புப் பாலாகப் பார்த்து வாங்குங்கள். பால் மாவு என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 130 முதல் 150 கிராம் மாவு கலக்கலாம். டின் பால் மட்டும் ஆகாது. சீனி மிகுந்தால் தயிராக்கும் நுண்ணுயிர் வேலை செய்யாது.

ஒரு லிட்டர் பாலைப் பொங்கி வரும் வரை காய்ச்சி, சிறு தீயில் 10 நிமிடம் வையுங்கள். இப்படிச் செய்தால் தயிர் கெட்டியாக வரும். பிறகு இறக்கி ஆற விடுங்கள். சுத்தமான சிறு விரலை வைத்தால், பத்து எண்ணும் வரை சூடு பொறுக்க வேண்டும். அதுவே பதம், ஏறக்குறைய 43 பாகை. ஒரு மேசைக்கரண்டி சீனியில்லாத தயிரைச் சிறிது பாலில் கரைத்து ஊற்றிக் கலக்கி மூடிவிடுங்கள். துணி சுற்றி அரிசி டின்னுக்குள் வைத்தால் சூடு நிற்கும். நம் ஊர் வெக்கையில் 6 முதல் 8 மணி நேரத்தில் உறைந்துவிடும். மழைக்காலத்தில் சற்று நேரம் பிடிக்கும். இடையில் அசைக்காதீர்கள். உறைந்ததும் குளிர்பெட்டியில் வையுங்கள். வெளியே விட்டால் புளித்துக்கொண்டே போகும். மேலே பூஞ்சை படர்ந்தாலும் நிறம் மாறினாலும் கொட்டிவிடுங்கள்.

இது எப்படி நடக்கிறது? பாலில் உள்ள சர்க்கரையை நுண்ணுயிர்கள் தின்று புளிப்பை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பில் பாலின் புரதம் இறுகுகிறது. 1905ஆம் ஆண்டில் பல்கேரிய மாணவரான ஸ்டாமென் கிரிகோரோவ் அந்த நுண்ணுயிர்களில் ஒன்றைக் கண்டறிந்தார். பெயர் தெரியாமலே நம் பாட்டிமார்கள் அவற்றை உறைச்சட்டியில் வளர்த்து வந்தார்கள். உறை கிடைக்காதபோது காய்ந்த மிளகாயின் காம்பைப் பாலில் போட்டுத் தயிராக்கியதும் அவர்கள்தான். எலுமிச்சை பிழிந்தால் பால் திரியும்; அது தயிராகாது.

சமைத்த பிறகு ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சாப்பிடும் முன் நாளைய உறைக்கு ஒரு கரண்டி எடுத்து வைத்துவிடுங்கள்.

எனக்கு உறைமோர் கொடுத்தவர் எங்கள் தாமானில் நான்கு வீடு தள்ளி இருக்கும் ஓர் அக்கா. விளக்கு வைத்த பிறகு உறை கொடுக்கக் கூடாது என்பது நம்மவர் வழக்கம். நான் கேட்டுப் போனதோ இரவு எட்டு மணிக்கு. "நோயாளிக்குத்தானே, எடுத்துட்டுப் போங்க டீச்சர்" என்று கிண்ணத்தை நீட்டினார்.

மறுநாள் மதியம் அம்மாவின் தட்டில் சோற்றைப் பாதியாகக் குறைத்துத் தயிர் ஊற்றினேன். ஒரு வாய் வைத்தவர், "இது தயிர்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மருந்தும் கட்டுமாக நான்கு மாதம் சென்று புண் ஆறியது. தயிர் மருந்தல்ல, மாத்திரையை நிறுத்தவே கூடாது. ஆனால் மருந்து ஒரு பக்கம் இறக்குவதை நாம் மறு பக்கம் ஏற்றாமல் இருக்கலாம் அல்லவா?

இன்றைக்கே ஒரு சட்டி உறை ஊற்றுங்கள். நாளை பக்கத்து வீட்டில் யாராவது கேட்டு வந்தால், நேரம் காலம் பார்க்காமல் ஒரு கரண்டி கொடுங்கள்.