எஞ்சிய துணியில் இடைவார்

உடை உடலை மறைப்பதோடு அமையாது. உடலோடு பொருந்தியும் நிற்றல் வேண்டும். நடக்கும்போது நெகிழாமலும், குனிந்து வேலை செய்யும்போது இடையூறு தராமலும் அஃது இருத்தல் வேண்டும். இதன்பொருட்டே பல நாட்டு மக்களும் இடையில் ஒரு கட்டினை அமைத்துக்கொண்டனர். நம் முன்னோர் அதனைக் கச்சை என்றனர். மேலைநாட்டார் பெல்ட் என்பர். நாம் இடைவார் எனலாம். வார் என்றவுடன் தோற்பட்டையே நம் நினைவுக்கு வரும். ஆயினும், தோலின் உதவியின்றித் துணியைக் கொண்டே உறுதியும் அழகும் வாய்ந்த இடைவாரை வீட்டில் தைத்துக்கொள்ளும் பழைய முறை ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், இங்கிலாந்து நாட்டு இல்லங்களில் அம்முறை பெரிதும் பயன்பட்டது. அதற்குரிய காரணத்தை முதலில் அறிவோம்.

1939-ஆம் ஆண்டில் போர் மூண்டது. துணி நெய்த ஆலைகளும், உடை தைத்த தொழிற்கூடங்களும் படைவீரர்க்குரிய சீருடைகளை ஆக்குவதில் முனைந்தன. பஞ்சும் கம்பளியும் கடல் கடந்து வரவேண்டிய பொருள்கள். அவற்றை ஏற்றிவந்த கப்பல்களையோ நீர்மூழ்கிகள் தாக்கி அழித்தன. தோல், வீரர்களின் காலணிகளுக்கு வேண்டியிருந்தது. உலோகம், படைக்கருவிகளுக்கு வேண்டியிருந்தது. ஆகவே, 1941-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், உடைகளுக்குப் பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. முதல் ஆண்டில் ஒருவருக்கு 66 கூப்பன்கள் அளிக்கப்பட்டன. பெண்கள் அணியும் கம்பளிக் கவுன் ஒன்றிற்கு 11 கூப்பன். பருத்திக் கவுனுக்கு 7. காலணி ஓர் இணைக்கு 5. இம்மூன்றினை வாங்கிய அளவிலேயே ஆண்டுப் பங்கில் மூன்றில் ஒரு பகுதிக்கு மேல் தீர்ந்துவிடும். கூப்பன் என்பது பணமும் அன்று; கூப்பனையும் கொடுத்து, விலையையும் கொடுத்தால்தான் துணி கைக்கு வரும். போகப்போக ஆண்டுப் பங்கும் குறைந்தது. போர் 1945-இல் முடிந்தும், இப்பங்கீடு 1949-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் வரையில் நீடித்தது.

இந்நிலையில், உள்ளதைக் கொண்டு ஒப்பேற்றுக, கிழிந்ததைச் செப்பனிடுக என்னும் கருத்தமைந்த பெயரால், 1943-இல் அந்நாட்டு அரசாங்கமே ஒரு சிறு நூலை வெளியிட்டது. பழைய உடையைப் புதுப்பித்துக்கொள்ளும் வழிகளை மக்கள் நாடினர். நைந்த கவுன்கள் இரண்டு இருப்பின், ஒன்றின் மேற்பகுதியையும் மற்றொன்றின் கீழ்ப்பகுதியையும் வெட்டி இடையில் இணைத்து ஒன்றாக்கினர். அவ்விணைப்பு வெளியே தெரியாவண்ணம் மறைத்தது எது? துணி இடைவாரே. நிறம் மங்கிய உடைக்குப் பொலிவூட்டியதும் அதுவே. ஒரு சாண் துணியும் வீணாகாத காலத்தில், வெட்டி எஞ்சிய துண்டுகளே அதற்குப் போதுமாயின.

இனி, அதனைத் தைக்கும் முறையைக் காண்போம். முதலில் அளவு. இடையின் சுற்றளவு 26 அங்குலம் எனக் கொள்வோம். முனை பக்கிளைக் கடந்து மேலே படிவதற்கு 6 அங்குலமும், மறுமுனை பக்கிளின் நடுக்கம்பியைச் சுற்றி மடிவதற்கு 2 அங்குலமும் கூட்டினால் 34 அங்குலம் ஆகும். ஓர மடிப்புகளுக்காக மேலும் ஓர் அங்குலம் சேர்த்து, 35 அங்குல நீளத்தில் துணியை வெட்டுதல் வேண்டும். இடைவாரின் அகலம் 1½ அங்குலமாயின், துணியின் அகலம் 3½ அங்குலம் இருத்தல் வேண்டும்.

எந்தப் போக்கில் வெட்டுவது? இதில்தான் இடைவாரின் உறுதி அடங்கியுள்ளது. துணியில் நெடுக ஓடும் இழை பாவு. குறுக்கே ஓடும் இழை ஊடு. பாவின் போக்கில் துணியைப் பற்றி இழுத்துப் பாருங்கள். அது பெரும்பாலும் நீளாது. மூலைவாட்டில் இழுத்தாலோ எளிதில் நீளும். மூலைவாட்டில் வெட்டிய இடைவார், சில நாள்களிலேயே தளர்ந்து தொங்கிவிடும். ஆதலின், துணியின் கரைக்கு இணையாகப் பாவின் போக்கிலேயே வெட்டுதல் வேண்டும். துண்டு நீளம் போதாவிடின், இரு துண்டுகளைச் சாய்வாக வைத்து இணைக்கலாம். நேராக இணைத்தால் தையலின் தடிப்பு ஓரிடத்தில் திரளும். சாய்வாக இணைத்தால் அது பரவித் தணியும். அவ்விணைப்பு பக்கிளை அடுத்த பகுதியில் வருமாறு அமைத்தால், மேலே படியும் முனை அதனை மறைத்துவிடும்.

துணி மட்டும் இருந்தால் இடைவார் சுருண்டு கயிறுபோல் ஆகிவிடும். ஆகவே, உள்ளே விறைப்பான பட்டை ஒன்று வேண்டும். தையற்காரர் பக்ரம் என வழங்கும் பசையூட்டிய துணி இதற்கு ஏற்றது. ஆனால், பக்ரத்தின் விறைப்பு பசையால் வந்தது; நீரில் நனைத்தால் அது தளர்ந்துவிடும். அடிக்கடி துவைக்கவேண்டிய இடைவாருக்கு, பழைய முரட்டுத் துணியை இரண்டு மூன்று மடிப்பாக அடுக்கி, நெருங்கிய வரிகளாகத் தைத்துப் பட்டையாக்கிக்கொள்ளுதல் நலம். தையலால் வந்த விறைப்பு நீரால் எளிதில் நீங்காது. இப்பட்டையின் அகலம் 1½ அங்குலத்திற்கு மயிரிழை குறைவாக இருக்கட்டும். நீளம் 32 அங்குலம் போதும். பக்கிளைச் சுற்றி மடியும் பகுதிக்குள் பட்டை சென்றால், மடிப்பு தடித்துவிடும். பட்டையின் ஒரு முனையை அம்பு நுனிபோலக் கூராக வெட்டிக்கொள்க.

பின்னர், துணியின் நீண்ட ஓரங்கள் இரண்டினையும் கால் அங்குலம் உட்புறமாக மடித்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்துக. நற்புறம் உள்ளே இருக்குமாறு துணியை நீளவாக்கில் இரண்டாக மடித்து, ஒரு முனையை மட்டும் குறுக்கே தைத்திடுக. அம்முனையை வெளிப்புறமாகத் திருப்பி, தையல் பின்புறத்தின் நடுவில் அமையுமாறு விரித்தால், கூரிய முனை ஒன்று தானே உருவாகியிருக்கக் காணலாம். விறைப்புப் பட்டையின் கூர்முனையை அதனுள் பொருத்தி, இரு ஓரங்களையும் பின்புறத்தின் நடுவே ஒன்றோடொன்று சேர்த்து, நூல் வெளியே தெரியாதபடி, இப்புறம் ஒரு தையலும் அப்புறம் ஒரு தையலுமாக மாறிமாறித் தைத்துச் செல்க. முடிவில் ஈரத்துணியை மேலே விரித்து அழுத்தினால் இடைவார் தட்டையாகப் படியும்.

அடுத்து, துளைகள். பக்கிளின் முள் நுழையும் துளைகளைக் கத்தரியால் வெட்டுதல் தகாது. வெட்டினால் இழை அறும். அறுந்த இழை பிரியும். துளை நாளடைவில் கிழிந்துவிடும். குத்தூசியைச் செலுத்திச் சுழற்றினால், இழைகள் அறாமல் விலகி வழிவிடும். துளையைச் சுற்றிலும் சிறு தையல்களால் ஒரு வட்டமிட்டு, அதன்மேல் காஜா எடுப்பதுபோல நெருக்கமாகத் தைத்திடுக. மீண்டும் ஒருமுறை குத்தூசியைச் செலுத்தினால், துளை உருண்டையாக நிலைபெறும். நடுக்கம்பியிலிருந்து 26 அங்குலத்தில் ஒரு துளையும், அதன் இருமருங்கிலும் ஓர் அங்குல இடைவெளியில் இரண்டிரண்டு துளைகளும் அமைப்பது வழக்கம். மறுமுனையில் மடிப்பு விழும் இடத்திலும் அவ்வாறே ஒரு துளையிட்டு, பக்கிளின் முள்ளை அதன்வழியே செலுத்தி, மடிப்பைப் பின்புறத்தில் உறுதியாகத் தைத்துவிடுதல் வேண்டும். பக்கிளையும் புதிதாக வாங்கவேண்டுவதில்லை; பழைய உடையிலிருந்து பிரித்தெடுத்து, அதே துணியால் உறையிட்டுப் பயன்படுத்தலாம். உடையின் இருபக்கத் தையல்களிலும், நான்கு இழை நூலைச் சேர்த்து அதன்மேல் காஜாத் தையல் இட்டுச் சிறு வளையங்கள் அமைத்தால், இடைவார் இடம்பெயராது நிற்கும்.

முடிந்த இடைவாரைக் கையில் எடுத்துப் பாருங்கள். பாவின் போக்கு கண்ணுக்குப் புலப்படாது. உள்ளிருக்கும் பட்டை தெரியாது. பின்புறத் தையலும் மறைந்திருக்கும். ஆயினும், இவற்றுள் ஒன்று பிழைத்தாலும் இடைவார் தொங்கும், சுருளும் அல்லது கிழியும். காண்பாரை மகிழ்விப்பது மேற்துணி. உடுத்தாரைக் காப்பது உள்ளிருக்கும் ஒழுங்கு.

இன்று கடைகளில் பலவகை இடைவார்கள் குவிந்துள்ளன, கூப்பனும் வேண்டுவதில்லை. ஆயினும், வெட்டி எஞ்சிய துண்டுகள் நம் வீடுகளிலும் தையற்கடைகளிலும் நாள்தோறும் குப்பையில் சேர்கின்றன. பஞ்சமான காலத்தில் அத்துண்டுகளின் மதிப்பை அறிவது எளிது. எல்லாம் கிடைக்கும் காலத்தில் அறிவதே அரிது. அடுத்த முறை அத்தகைய துண்டு ஒன்று கைக்குக் கிடைப்பின், எறிவதற்குமுன் அதன் பாவு எந்தப் போக்கில் ஓடுகிறது என்று இழுத்துப் பாருங்கள். அதுவே இத்தொழிலின் முதற்பாடம்.