பிரிட்ஜ் சத்தம் போட்டால்... கடைக்காரர்கள் அறிய வேண்டிய விஷயங்கள்

மளிகைக் கடை என்றால் அரிசி, பருப்பு, எண்ணெய், புளி என்று இருந்த காலம் மாறிவிட்டது. இன்று பால், தயிர், வெண்ணெய், பன்னீர், தோசை மாவு, குளிர்பானம் இல்லாத கடையைக் காண்பது அரிது. இவற்றை வைத்து விற்க நம்மில் பலர் வீட்டு உபயோகத்துக்கான பிரிட்ஜையே கடையிலும் வைத்திருக்கிறோம். வீட்டில் திறப்பதைப் போலப் பல மடங்கு கடையில் கதவைத் திறந்து மூடுகிறோம். அதற்கேற்ப இயந்திரத்துக்கு வேலையும் அதிகம், தேய்மானமும் அதிகம்.

பிரிட்ஜ் ஒரேயடியாக நின்றுபோவதற்கு முன்னால் பெரும்பாலும் ஏதாவது ஒரு சத்தம் கொடுக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் ஒரே இரவில் பாலும் மாவும் புளித்து, காலையில் அத்தனையையும் கொட்ட வேண்டி வரும். மாறாக, சாதாரண சத்தத்துக்கெல்லாம் மெக்கானிக்கை அழைத்தால் வீண் செலவு. எந்தச் சத்தம் இயல்பு, எந்தச் சத்தம் எச்சரிக்கை என்று தெரிந்துகொண்டால் இரண்டு நஷ்டத்தையும் தவிர்க்கலாம்.

கவலைப்பட வேண்டாத சத்தங்கள்

பிரிட்ஜின் இதயம் பின்புறம் அடியில் இருக்கும் கம்ப்ரசர். அது வாயுவை அழுத்திப் பின்பக்கக் காயிலுக்கு அனுப்புகிறது. அங்கே சூடு தணிந்து திரவமாகி, மெல்லிய குழாய் வழியாக உள்ளே போய், மறுபடி வாயுவாக மாறும்போது குளிர்ச்சி உண்டாகிறது. இந்த ஓட்டத்தில் சில சத்தங்கள் இயல்பாகவே வரும்.

கம்ப்ரசர் ஓடும்போது கேட்கும் சீரான ரீங்காரம், ஓட்டம் தொடங்கும்போதும் நிற்கும்போதும் ஒருமுறை கேட்கும் "டக்", நின்ற பிறகு சிறிது நேரம் தண்ணீர் கொதிப்பதுபோல் வரும் "களகள", லேசான "உஸ்" ஆகிய எதுவும் பழுதல்ல. உள்பக்கப் பிளாஸ்டிக் சூட்டிலும் குளிரிலும் விரிந்து சுருங்கும்போது "பட்" என்று வெடிப்பதுபோல் கேட்கும். பனிக்கட்டி தானாகக் கரையும் வகைப் பிரிட்ஜில், சூடான கம்பியில் நீர்த்துளி விழுந்து தோசைக்கல்லில் தெளித்ததுபோல் "சுர்" என்று கேட்கும். அதுவும் இயல்பே.

இன்வெர்ட்டர் வகைக் கம்ப்ரசர் அடிக்கடி நின்று ஓடாது. வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டு நீண்ட நேரம் ஓடும். சத்தமும் அதற்கேற்ப ஏறி இறங்கும். பழைய பிரிட்ஜை மாற்றிப் புதியது வாங்கியவர்கள் இதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

ஸ்டெபிலைசரும் மின்சாரம் ஏறி இறங்கும்போது "டக் டக்" என்று சத்தமிடும். பிரிட்ஜைக் குறை சொல்வதற்கு முன், சத்தம் எதிலிருந்து வருகிறது என்று காதைக் கிட்டே வைத்துக் கேட்டுவிடுவது நல்லது.

நாமே சரி செய்துகொள்ளக்கூடியவை

"தடதட", "கடகட" என்று அதிரும் சத்தத்தில் பாதிக்கு மேல் மெக்கானிக் தேவைப்படாது. வரிசையாகப் பின்வருவனவற்றைப் பாருங்கள்.

முதலில் பிரிட்ஜின் நான்கு கால்களும் தரையில் சமமாகப் பதிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். மூலையைப் பிடித்து அசைத்தால் ஆடக் கூடாது. முன்கால் திருகைத் திருப்பிச் சரி செய்யலாம். அட்டையை மடித்து முட்டுக் கொடுப்பது நிற்காது. ஈரம் பட்டதும் நசுங்கிவிடும்.

அடுத்து, கம்ப்ரசருக்கு மேலே இருக்கும் தண்ணீர்த் தட்டு சரியாகப் பொருந்தியிருக்கிறதா, பின்புறக் காயில் சுவரிலோ சரக்கு மூட்டையிலோ உரசுகிறதா என்று பாருங்கள். பிரிட்ஜின் மேல் வைத்த டப்பாக்களும், உள்ளே ஒன்றோடொன்று மோதும் பாட்டில்களும்கூட இப்படிச் சத்தம் கொடுக்கும்.

மூன்றாவது, காற்றோட்டம். கடையில் இடம் குறைவு என்று பிரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைத்து, பக்கத்தில் மூட்டையையும் அடுக்கிவிடுகிறோம். சூடு வெளியேற வழியில்லாமல் கம்ப்ரசர் ஓயாமல் ஓடும். சத்தமும் கூடும், மின்கட்டணமும் கூடும். பின்புறம் நான்கு விரற்கடையாவது இடைவெளி விடுங்கள். மாவு, மிளகாய்த்தூள், சாக்குத் தூசி காயிலில் படிந்திருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு உலர்ந்த பிரஷ்ஷால் மாதம் ஒருமுறை துடையுங்கள்.

கண்ணாடிக் கதவுள்ள குளிர்பானப் பெட்டியில் அடியில் ஒரு விசிறி உண்டு. அதில் பிளாஸ்டிக் காகிதமோ சணல் நாரோ சிக்கினால் "டர்ர்" என்று கேட்கும். பெட்டி நிறுவனத்துக்குச் சொந்தமானது என்றால் நாம் கழற்ற வேண்டாம். பெட்டியின் எண்ணைச் சொல்லி அவர்களுக்கே தகவல் கொடுங்கள்.

பனிக்கட்டி தானாகக் கரையும் வகைப் பிரிட்ஜில் பிரீசருக்குள் ஒரு விசிறி இருக்கும். கதவைத் திறந்தால் பல மாடல்களில் இது நின்றுவிடும். கதவு திறந்ததும் சத்தம் நின்று, மூடியதும் மறுபடி வந்தால், விசிறி இறக்கையில் பனிக்கட்டி உரசுகிறது என்று ஊகிக்கலாம். சரக்கை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, பிரிட்ஜை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்துப் பனி முழுதும் உருக விடுங்கள். சில நாட்களில் மறுபடி பனி கட்டினால் கரைக்கும் பாகத்தில் பழுது இருக்கக்கூடும். கதவு ரப்பரையும் சோதியுங்கள். ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் பிடிமானம் தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது.

உடனே கவனிக்க வேண்டியவை

"டக்" என்று ஒரு சத்தம், சில விநாடி உறுமல், மறுபடி "டக்", பிறகு மௌனம். சில நிமிடத்துக்கு ஒருமுறை இதுவே திரும்பத் திரும்ப வந்தால், கம்ப்ரசர் ஓடத் தொடங்க முடியாமல் திணறுகிறது என்று பொருள். கம்ப்ரசர் எரிந்துவிடாமல் ஓவர்லோடு என்ற சிறு பாகம் மின்சாரத்தைத் துண்டித்துக் காப்பாற்றுகிறது. இதற்கு மின்னழுத்தக் குறைவு, ரிலே பழுது, கம்ப்ரசரே இறுகிப்போவது ஆகியவை காரணமாகலாம். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். அது வெகுவாகக் குறைந்திருக்கும் நேரத்தில் மட்டும் இப்படி நடந்தால் ஸ்டெபிலைசர் போதும். எப்போதும் நடந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். ரிலேயும் ஓவர்லோடும் அதிக விலை இல்லாத பாகங்கள். அவற்றைச் சோதிக்காமலே கம்ப்ரசர் போய்விட்டது என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மின்சாரம் போய் வந்த உடனே பிரிட்ஜைப் போடுவதும் இதே திணறலை உண்டாக்கும். குழாய்களில் வாயுவின் அழுத்தம் சமமாக ஐந்து நிமிடமாவது தேவை. தாமதித்து மின்சாரம் கொடுக்கும் வசதியுள்ள ஸ்டெபிலைசரை வாங்குவது இதற்காகத்தான்.

கம்ப்ரசர் நிற்காமல் ஓடியும் குளிர்ச்சி இல்லை, பிரீசரில் ஒரு பக்கம் மட்டும் பனி படிகிறது என்றால் வாயு கசிந்திருக்கலாம். பனிக்கட்டியைக் கத்தியால் குத்திப் பெயர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பழைய வகைப் பிரிட்ஜில் பிரீசரின் சுவருக்குள்ளேயே வாயுக் குழாய் ஓடுகிறது. ஒரு குத்தில் ஓட்டை விழுந்தால் பிரிட்ஜே போன மாதிரிதான்.

பிளக்கிலோ ஒயரிலோ "சடசட" என்ற சத்தமும் கருகல் வாடையும் வந்தால், மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

மெக்கானிக் வரும்போது

கேஸ் போய்விட்டது என்று சொன்னால், எங்கே கசிந்தது என்று கேளுங்கள். கசிவை அடைக்காமல் நிரப்பிய வாயு மறுபடி வெளியேறிவிடும், கொடுத்த பணமும் போய்விடும். பிரிட்ஜின் பின்புறமோ உள்பக்கமோ ஒட்டியுள்ள தகட்டில் எந்த வாயு என்று எழுதியிருக்கும். ஆர்-134ஏ என்று இருக்கலாம், ஆர்-600ஏ என்றும் இருக்கலாம். எது எழுதியிருக்கிறதோ அதையே, குறிப்பிட்ட எடையளவில்தான் நிரப்ப வேண்டும்.

ஆர்-600ஏ என்பது ஐசோபியூட்டேன். எளிதில் தீப்பிடிக்கக்கூடியது, காற்றைவிடக் கனமானது, தரையோரமாகத் தங்கும். இந்த வகைப் பிரிட்ஜில் குழாய் பற்ற வைக்கும் வேலையை, சாக்கும் அட்டைப் பெட்டியும் குவிந்த கடைக்குள் செய்ய அனுமதிக்காதீர்கள். காற்றோட்டமான வெளியிடத்தில், இந்த வாயுவில் பயிற்சி உள்ளவரே செய்ய வேண்டும்.

மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பில்லும் வாங்குங்கள். உத்தரவாத அட்டையையும் ஒருமுறை படியுங்கள். வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்ற நிபந்தனை அதில் இருந்தால், கடையில் வைத்த பிரிட்ஜுக்கு அது செல்லாமல் போகலாம்.

சரக்கைக் காப்பது

பிரிட்ஜுக்குள் ஒரு சிறு வெப்பமானி வையுங்கள். பாலும் தயிரும் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயும், ஐஸ்கிரீம் போன்றவை மைனஸ் 18 டிகிரியிலும் இருக்க வேண்டும். பிரிட்ஜ் நின்றுவிட்டால் முதல் வேலை கதவைத் திறக்காமல் இருப்பது. மூடிய நிலையில் சுமார் நான்கு மணி நேரம் குளிர்ச்சி தாங்கும். அதற்குள் ஐஸ் கட்டிக்கோ, பக்கத்துக் கடைப் பிரிட்ஜுக்கோ ஏற்பாடு செய்துவிடலாம்.

மாவுப் பாக்கெட் உப்பியிருந்தால், பால் பாக்கெட்டில் சந்தேகம் இருந்தால், விலையைக் குறைத்துக்கூட விற்க வேண்டாம். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாப்பற்ற உணவை விற்ற கடைக்காரரும் பொறுப்பாளியே. பிரிட்ஜ் பழுது என்ற காரணம் அங்கே எடுபடாது. கெட்ட பாலை வாங்கிப் போன வாடிக்கையாளரும் அதை மறக்க மாட்டார்.

இரவு கடையை அடைக்கும் முன், விளக்கை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்று பிரிட்ஜின் சத்தத்தைக் கேட்டுச் செல்லும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான சத்தம் காதுக்குப் பழகிவிட்டால், மாறிய சத்தம் முதல் நாளே தெரிந்துவிடும். கடையில் வேலை பார்க்கும் பையன்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.