ஸ்பைடர்மேன் சொல்லித்தரும் சிக்கனம்: எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது?

ரெண்டு ஸ்பைடர்மேன் ஒருத்தரை ஒருத்தர் கை நீட்டிக் காட்டுற மீம் பார்த்திருப்பீங்க. அது 1967-ல் அமெரிக்காவின் ஏபிசி சேனலில் தொடங்கிய கார்ட்டூனில் வந்த காட்சி.

அந்த உடையை நல்லா கவனிங்க. முகமூடியில் வலைக்கோடு இருக்கும், மார்பில் இருக்காது. அந்தக் காலத்தில் எல்லாமே கையால் வரையணும். கோடு குறைஞ்சா வேலையும் செலவும் குறையும், கதையும் கெடாது. இது நல்ல சிக்கனம்.

முதல் சீசனுக்குப் பிறகு, தயாரித்த கிரான்ட்ரே-லாரன்ஸ் நிறுவனம் திவாலாச்சு. பொறுப்பு ரால்ஃப் பக்‌ஷியிடம் வந்தது. மூன்றாவது சீசனின் 'ரிவோல்ட் இன் தி ஃபிஃப்த் டைமென்ஷன்' எபிசோடில், 'ராக்கெட் ராபின் ஹூட்' என்ற வேறொரு கார்ட்டூனின் கதையையும் காட்சிகளையும் அப்படியே எடுத்து, ஹீரோ இடத்தில் ஸ்பைடர்மேனை வச்சிட்டாங்க. இங்கே வெட்டினது கோட்டை இல்லை, கதையையே!

நம்ம வீட்டு பட்ஜெட்டும் இப்படித்தான். பார்க்காத ஓடிடி சந்தா, போகாத ஜிம் கட்டணம் எல்லாம் வலைக்கோடு, தாராளமா வெட்டுங்க. ஹெல்த் இன்சூரன்ஸ் பிரீமியமும் அவசர கால நிதியும்தான் கதை. கையில் காசு இறுகும்போது முதல்ல அதுலதான் கை வைக்கத் தோணும். வைக்காதீங்க! ஒரே ஒரு ஆஸ்பத்திரி பில், பல வருஷ சேமிப்பைக் கரைச்சிடும்.